அரை அங்குலமும் பன்னிரண்டு டீச்சர்களும்

என் மகளைக் கட்டியவரை எல்லாரும் அரை அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேசையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அந்த மேசை லேசாக ஆடும். பதினைந்து வருஷமாக ஆடிக்கொண்டிருந்ததால் அது ஆடுகிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மனிதர் டீயைப் பாதி குடித்தார். குனிந்து பார்த்தார்.

"அத்தை, வீட்டுல ரம்பம் இருக்கா? ஒரு கால் அரை அங்குலம் கூட இருக்கு."

இன்னும் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் அத்தை. தைரியம்தான். ரம்பம் கொடுத்தேன். அந்தக் காலை அறுத்தார். எதிர்க் கால் உயரமாகிவிட்டது. அதை அறுத்தார். பிறகு மூன்றாவது கால். சாயங்காலம் விளக்குப் போடும்போது மேசை என் முழங்காலுக்கு வந்திருந்தது. ஆனால் ஆடவில்லை. இன்றைக்கும் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் மேசையில் சாப்பிடுகிறோம். வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆடாத மேசை எத்தனை வீட்டில் இருக்கிறது?

அவரைப்பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்துவார், மனுஷரை நகரச் சொல்ல மாட்டார். வாய் வராது. என் மூத்த மகன் சாப்பிடும்போது காலை நீட்டிக்கொண்டு வழியை அடைப்பான். "கொஞ்சம் காலை மடக்குங்க மச்சான்" என்று சொன்னால் தீர்ந்தது. இவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பாத்திர அலமாரியை ஒரு நாள் முழுக்கத் தள்ளி, சுவரைக் கொத்தி, அரை அங்குலம் உள்ளே விட்டு வழி உண்டாக்கினார்.

அவருக்குத் தொழில் படகு. பின்னால் எஞ்சின் மாட்டிய படகு. காலையில் இந்தக் கரையிலிருந்து பன்னிரண்டு டீச்சர்களை ஏற்றி அக்கரைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். பதினோரு வருஷம். படகில் மும்மூன்று பேர் உட்காரும்படி ஐந்து பெஞ்சுகள். டீச்சர்கள் முன்னால் இருக்கிற நான்கையும் நிரப்பிக்கொள்வார்கள். கடைசிப் பெஞ்சில் தண்ணீர் தெறிக்கும், பெட்ரோல் நாற்றம் வேறு. அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. முதல் பெஞ்சில் நடுவில் தலைமை டீச்சர், சொந்தமாகக் கொண்டுவந்த மெத்தைத் திண்டின் மேல்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பாறையில் இடித்துப் பழைய விசிறியின் ஓர் இதழ் பிய்ந்துபோனது. எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுற்றுமே, ப்ரொப்பெல்லர், அதைப் படகுத்துறையில் விசிறி என்பார்கள். புதிது வாங்கப் போனவர் பழைய அளவையே வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் ஹாரன்காரன் இவரை முந்திக்கொண்டு போயிருந்தான்.

ஹாரன்காரன் புதிதாக வந்த படகுக்காரன். எதிரே மீன் வந்தாலும் ஹாரன் அடிப்பான். முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினானாம். கையாட்டியதுதான் இவருக்குத் தாங்கவில்லை. அதனால் பெரிய எட்டு வைக்கிற விசிறியாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விசிறிக்கு எட்டு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஒரு சுற்றுச் சுற்றினால் தண்ணீரைத் திருகிக்கொண்டு எவ்வளவு தூரம் முன்னே போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதுதான் அதன் எட்டு. பெரிய எட்டு வைத்தால் வேகமாகப் போகலாம். தலையில் மூட்டை இருக்கும்போது பெரிய எட்டு வைத்துப் பாருங்கள், முக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எஞ்சினுக்கும் அதே கதி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தலையில் மூட்டை சுமந்த எவளுக்கும் தெரியும்.

இவர் வெறும் படகை ஓட்டிப் பார்த்தார். பறந்ததாம். "அத்தை, தண்ணியில படவே இல்லை!" என்று வாசலிலேயே குதித்தார்.

"ஆள் ஏத்திப் பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

"அதெல்லாம் காலையில பார்த்துக்கலாம்."

காலையில் பார்த்தோம். பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். கைப்பிடியை முழுக்க முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கியது. தூக்கியபடியே இருந்தது. பிஸ்கட் கேட்கிற நாய் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அக்கரை வரைக்கும் தவழ்ந்தது. கணக்கு டீச்சர் நல்ல மனுஷி, என் சிநேகிதி, அவள் சொன்னாள்: "ஆன்ட்டி, வழி பூரா வானத்தைத்தான் பார்த்துக்கிட்டுப் போனோம்."

மூன்று நாள் இப்படி. மூன்று நாளும் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் நின்று தலைமை டீச்சரைப் பார்த்து "லேட்டு! லேட்டு!" என்று கத்தினார்களாம். அவ்வளவுதான். அந்த அம்மாள் இறங்கும்போது திண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னது:

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அன்னைக்கு முதல் மணிக்கு முன்னாடி என் கால் அந்தப் படியில இருக்கணும். இல்லன்னா திங்கட்கிழமையிலிருந்து ஹாரன் படகு."

வீட்டுக்கு வந்து இவர் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. படகு போனால் அவருக்கு என்ன வழி என்று எல்லாருக்கும் தெரியும். என் மூத்த மகன் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறான்.

அன்றும் சொன்னான்: "எதுக்கு மச்சான் கவலை? நம்ம கடைக்கு வாங்க. ஒரு வேலையும் கிடையாது. வர்றவங்ககிட்ட 'கூச்சப்படாதீங்க, படுத்துப் பாருங்க'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. காலை மடக்கச் சொல்லத் தெரியாத மனிதர், முன்பின் தெரியாதவரைப் படுக்கச் சொல்வாரா? அதுவும் ஒரு நாளைக்கு நாற்பது பேரை?

"ஸ்டூல்கூட எடுத்துப் போட்டுட்டேன்" என்றான் மகன்.

"உசரமா இருக்குமா?" என்று கேட்டார் இவர், பாவம்.

அன்றிலிருந்து படகுத்துறையிலேயே கிடந்தார். ஒரே சமயத்தில் விசிறியை மாற்றினார், எஞ்சினை ஏற்றினார், படகுக்கு அடியில் பாசியைச் சுரண்டினார். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததில் எது எதைக் கெடுத்தது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் துறையில் எஞ்சின் வேலை பார்க்கிற ஸ்பானர் வந்தார். அவர் பேசும்போதும் காதில் ஸ்பானரைச் செருகிக்கொண்டுதான் பேசுவார், அதனால் அந்தப் பெயர்.

"யோவ் அரை அங்குலம், குழம்புல உப்பையும் புளியையும் சேர்ந்தாப்ல கொட்டிட்டு எது ஜாஸ்தின்னு கேட்டா என்ன சொல்றது? ஒன்னை மாத்து, ஓட்டிப் பாரு. அப்புறம் அடுத்ததை மாத்து. அதுவும் சுமையோட ஓட்டு. உன்னை மட்டும் ஏத்திக்கிட்டு ஓட்டுறதுக்கா படகு வச்சிருக்கே?"

பிறகு என் மகளிடம் நகப்பூச்சுக் குப்பியை வாங்கினார். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்ட ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், அதற்குள் ஒரு முள். கண்ணாடி மேல் சிவப்பாக இரண்டு கோடு போட்டார்.

"முழுச் சுமை, முழு முறுக்கு. முள் இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல வந்து நிக்கணும். கீழே நின்னா விசிறிக்கு எட்டு பெருசு, எஞ்சின் திணறுது. மேலே போனா எட்டு சின்னது, எஞ்சின் சும்மா கத்துது. அவ்வளவுதான்யா வித்தை."

இந்தக் காரியம் எனக்குப் பிடித்துப்போனது. நம்பர் படிக்கத் தெரியாதவளும் பார்க்கலாம். நானும் படகில் வருவேன், முள்ளை நான்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். மகள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் நான் கேட்கிறவளா?

இப்போது சுமைக்கு எங்கே போவது? டீச்சர்கள் லீவு நாளில் வந்து உட்காருவார்களா? அவர்கள் எடைக்கு மணல் மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. எடை தெரிய வேண்டுமே. மாப்பிள்ளை கேட்க மாட்டார். பன்னிரண்டு துண்டுக் காகிதத்தைப் படகில் கொடுத்து, அவரவர் எடையை எழுதித் தாருங்கள் என்று கணக்கு டீச்சர் மூலமாகச் சொன்னார்.

படகில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லையாம். ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்களாம், பரீட்சையில் பிள்ளைகள் மறைக்கிற மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தை வைத்துப் பன்னிரண்டு மூட்டை கட்டினோம். கட்டும்போதே என் மகளுக்குச் சந்தேகம்.

"என்னங்க, விளையாட்டு டீச்சர் மூட்டையை நான் ஒத்தைக் கையால தூக்குறேன்."

"எழுதிக் குடுத்திருக்காங்களே. டீச்சர் பொய் சொல்லுவாங்களா?"

எந்த டீச்சர் எங்கே உட்காருவாரோ அங்கேயே அந்த மூட்டையை வைத்தார். முதல் பெஞ்சு நடுவில் தலைமை டீச்சர் மூட்டை. அதற்கு அடியில் எங்கள் வீட்டுத் தலையணையை வேறு வைத்தார். ஸ்பானர் ஏறும்போது அந்த மூட்டைக்கு ஒரு வணக்கம் போட்டார். என் மகள் சங்கீத டீச்சரை இடித்துவிட்டு "சாரி டீச்சர்" என்றாள்.

நாலு பெஞ்சிலும் டீச்சர்கள். எங்களுக்கு இடம் கடைசிப் பெஞ்சுதான். நான், மகள், ஸ்பானர் மூவரும் அங்கே உட்கார்ந்தோம். நான் நடுவில். என் எடை என்ன என்று ஸ்பானர் கேட்டார். என்னை எந்தத் தராசும் தொட்டது கிடையாது, இனியும் தொடாது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலில் பெரிய எட்டு விசிறி. முள் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. "திணறுது!" என்று நான் கத்தினேன். ஸ்பானர் சின்ன எட்டு விசிறி ஒன்றை இரவல் கொடுத்தார். முள் மேல்கோட்டைத் தாண்டி ஓடியது. "கத்துது!" என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்று மாட்டினார்கள். முள் இரண்டு கோட்டுக்கும் மத்தியில் போய் நின்றது, மாட்டிய படம் மாதிரி. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். தண்ணீர் தெறித்தது என்றார். தெறித்திருக்கும்.

அடுத்தது எஞ்சின் உயரம். படகின் பின்பலகையில் எஞ்சினைத் தொங்கவிட ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டைகள் இருக்கும், எந்த ஓட்டையில் போல்ட்டைப் போடுகிறோமோ அந்த உயரம். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு உண்டு. ஓடும்போது அந்தத் தகடு தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் போக வேண்டுமாம். ரொம்ப முழுகினால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ரொம்ப உயர்ந்தால் விசிறி தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். காற்றைத் தள்ளினால் படகு எங்கே போகும்? சத்தம்தான் போகும்.

விசிறி பார்க்கும் முன்பே எஞ்சினைத் திரும்ப அடி ஓட்டைக்கு இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஓட்டை ஏற்றினார், வேகம் கூடியது. இரண்டாவது ஓட்டை ஏற்றினார், இன்னும் கூடியது. மூன்றாவதில் எஞ்சின் "வீ...ல்" என்று அலறியது, முள் மேலே பாய்ந்தது, படகு நின்ற இடத்தில் நின்றது. எஞ்சின் பக்கவாட்டில் எப்போதும் ஒன்றுக்குப் போவது மாதிரி மெல்லிசாக ஒரு தண்ணீர்க் கோடு விழும். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் அது. அதுவும் நின்றுவிட்டது.

"இறக்கு, இறக்கு! அது ஒன்னுக்குப் போற வரைக்கும்தான் உசிரோட இருக்கும்!" என்றார் ஸ்பானர்.

இரண்டாவது ஓட்டைக்கே இறக்கினார்கள். படகு மூக்கைத் தாழ்த்தித் தண்ணீர் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போனது. மூட்டை டீச்சர்கள் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. புதிய அளவில் இனி வெள்ளிக்கிழமைதான் ஓட்டுவேன், அதுவரை கை வைத்தால் கெட்டுவிடும் என்று மாப்பிள்ளை நடுவில் நாலு நாள் ஸ்பானரிடம் இரவல் வாங்கிய படகில் டீச்சர்களைக் கொண்டுபோய் விட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. ஒரு நாள் நிஜ டீச்சரை ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் படகுத்துறையில் முன்வரிசையில் நின்றேன். டீச்சர்கள் ஏறினார்கள். முன் நான்கு பெஞ்சும் நிறைந்தது. கடைசிப் பெஞ்சு காலி. தலைமை டீச்சர் திண்டைத் தட்டி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை கைப்பிடியை முழுக்க முறுக்கினார்.

"வீ...ல்!"

மூன்றாவது ஓட்டையில் கேட்ட அதே சத்தம். எஞ்சின் இருப்பது இரண்டாவது ஓட்டை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னால் நாங்கள் மூன்று பேர் அழுத்திக்கொண்டு இருந்தோம். இன்றைக்குப் பின்னால் ஆளில்லை. முன்னால் இருக்கிறவர்களோ காகிதத்தில் எழுதிய எடையில் இல்லை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, விசிறி காற்றைக் குடிக்கிறது. "பின்னாடி ஆளை உட்கார வையுங்க மாப்பிள்ளை!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தலைமை டீச்சர் நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டினார்.

இனி நடந்தது கணக்கு டீச்சர் சொன்னது.

மாப்பிள்ளை முறுக்கைக் குறைத்தார். சத்தம் அடங்கியது. முதலில் போல்ட் கழற்றுகிற ஸ்பானரைக் கையில் எடுத்தாராம். எஞ்சினை ஒரு ஓட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும், அவருக்குப் பழகிய வழி. ஆனால் நடுத்தண்ணீரில் போல்ட்டைக் கழற்றி, எஞ்சினைத் தூக்கி, திரும்ப மாட்ட அரை மணி நேரம் ஆகும். மணி அடிக்க இருப்பது பத்து நிமிஷம். அவர் ஸ்பானரைப் பார்த்தார். காலிப் பெஞ்சைப் பார்த்தார். முதல் பெஞ்சைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"டீச்சர்... முதல் பெஞ்சுல இருக்கிற மூணு பேரும்... கொஞ்சம்... பின்னாடி வந்து உட்காருங்க."

"யாரைச் சொல்றீங்க?" என்றார் தலைமை டீச்சர்.

"உங்களைத்தான் டீச்சர்."

"அங்க தண்ணி தெறிக்கும்."

"தெறிக்கும் டீச்சர்."

"நான் ஏன் வரணும்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க எழுதிக் குடுத்த எடைக்கு மூட்டை கட்டி இதே இடத்துல வச்சு ஓட்டினேன். நல்லா ஓடுச்சு. இன்னைக்கு ஓடலை. மூட்டை ஒன்னும் பொய் சொல்லாதுங்க டீச்சர்."

பதினொரு டீச்சர்களும் பதினொரு திசையில் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். விளையாட்டு டீச்சர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் தலைமை டீச்சர் தொண்டையைச் செருமினார். "அது... பழைய எடை."

"எனக்கும் பழசுதான்" என்றாள் சங்கீத டீச்சர் மெதுவாக. "காலேஜ்ல பார்த்தது" என்றாள் விளையாட்டு டீச்சர். கணக்கு டீச்சர் மட்டும், "நான் பாதியாக்கி எழுதினேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா.

தலைமை டீச்சர் எழுந்தார். திண்டை எடுத்தார். படகு ஆடியது, பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். கூட இரண்டு டீச்சர்களும் வந்தார்கள். மூன்று பேரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததும் பின்பக்கம் கீழே இறங்கியதை மாப்பிள்ளை கண்ணால் பார்த்தாராம். எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நான் கேட்டேன். எவ்வளவு என்று சொல்லியிருப்பார், உங்களுக்கே தெரியும்.

முறுக்கினார். அலறல் இல்லை. முள் இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் போய் நின்றது. எஞ்சின் பக்கத்தில் தண்ணீர்க் கோடு ஜம்மென்று விழுந்தது. படகு எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. துறையிலிருந்து பார்த்த எனக்கு வெள்ளையாகத் தெறிக்கிற தண்ணீர் தெரிந்தது, அந்தத் தண்ணீருக்கு நடுவில் தலைமை டீச்சரின் கொண்டை. அவ்வளவுதான் தெரிந்தது.

அக்கரையில் ஹாரன்காரன் படகைக் கழுவித் துடைத்து, திங்கட்கிழமைக்கு ஆள் பார்க்க வந்து நின்றிருந்தானாம். இவர் படகு வருகிற வேகத்தில் அலை அடித்து அவன் கழுவிய படகு திரும்பக் கழுவப்பட்டது. பழக்கத்தில் ஹாரன் அடித்தான். தலைமை டீச்சர் நனைந்த சேலையோடு எழுந்து நின்று கையாட்டினார். அது மாப்பிள்ளைக்குப் பதிலாக ஆட்டிய கை என்று கணக்கு டீச்சர் சத்தியம் செய்கிறாள்.

படியில் அந்த அம்மாள் கால் வைத்தார். இரண்டாவது காலும் வைத்தார். அப்புறம்தான் மணி அடித்தது.

இறங்கியதும் திண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாராம்: "திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கடைசிப் பெஞ்சு எனக்கு. வேற யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைங்க ஜன்னல்ல நின்னு கை தட்டுறதை அங்கிருந்துதான் முழுசாப் பார்க்க முடியுது." கொஞ்சம் போய்த் திரும்பி வந்து, "எடை விஷயம் இந்தப் படகோட இருக்கட்டும்" என்றாராம். அது எப்படி என் காதுக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் மூத்த மகன் காலை நீட்டியபடி வருத்தப்பட்டான். "என்ன மச்சான் இது? தலைமை டீச்சரையே எழுப்பிப் பின்னாடி உட்கார வச்சிருக்கீங்க. உங்களுக்கு இல்லாத வாயா? கஸ்டமரைப் படுக்க வைக்க உங்களை விட்டா ஆள் உண்டா? ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கு."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "காலை மடக்குங்க மச்சான்" என்றார்.

மகன் மடக்கிவிட்டான். பாத்திர அலமாரி மட்டும் இன்னும் சுவருக்குள் அரை அங்குலம் புதைந்தே இருக்கிறது, அதை யார் வெளியே இழுப்பது?

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததால்தான் அளவு தப்பியது என்று ஸ்பானர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்த அளவுக்கு எஞ்சினை வைத்ததால்தான் படகு அப்படி ஓடியது. சந்தேகம் இருக்கிறவர்கள் திங்கட்கிழமை காலையில் துறைக்கு வந்து பார்க்கட்டும். முள் எங்கே நிற்கிறது என்று நானே காட்டுகிறேன்.